வீடியோ விளையாட்டுப் படக்காட்சிகளில் பேரிசை – ஓர் ஆய்வு

முன்னுரை

கண்ணுக்குக் காட்சி, காதுக்கு இசை என்று பிரித்துப் பேசுவது நமக்குப் பழகிப்போன ஒன்று. ஆயினும் திரையின் முன் அமர்ந்திருப்பவன் அவ்விரண்டையும் தனித்தனியே பெறுவதில்லை. ஒன்று மற்றொன்றின் பொருளை மாற்றிவிடுகிறது. திரைப்படத் துறையினர் 'ரீ-ரெக்கார்டிங்' என்று வழங்கும் பின்னணி இசைச் சேர்ப்பின் அடிப்படையே இதுதான்.

இன்று அந்தக் கலை திரைப்படத்தோடு நின்றுவிடவில்லை. வீடியோ விளையாட்டுகளின் தொடக்கத்திலும் இடையிலும் சிறு சிறு படக்காட்சிகள் வருவதை நண்பர்கள் பலரும் பார்த்திருப்பர். விளையாடுவோர் அவற்றைக் 'கட்சீன்' என்பர். அக்காட்சிகளை எடுத்து, அவற்றுக்குப் பெரும் இசைக்குழுவின் முழக்கத்தைப் பொருத்திப் பார்ப்பது இளைஞர் பலருக்கு ஒரு பயிற்சியாகவே ஆகியிருக்கிறது. நானும் இரண்டாண்டுகளாக ஓய்வு நேரத்தில் இதனைச் செய்து வருகிறேன். நான் இயற்பியல் மாணவன். இசையை முறையாகப் பயின்றவன் அல்லன். பேராசிரியப் பெருமக்களுள் சிலர் இதனை வீண் பொழுதுபோக்கு என்று கருதக்கூடும். இதில் ஒரு கணக்கும் உண்டு, ஒரு பொறுப்பும் உண்டு என்பதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பேரிசை என்பது யாது?

முதலில் சொல்லைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். நம் ஊர்த் திருவிழா மேடைகளில் திரைப்பாடல் பாடும் மெல்லிசைக் குழுவை 'ஆர்க்கெஸ்ட்ரா' என்கிறோம். இங்கு நான் குறிப்பது அதுவன்று. வயலின், செல்லோ முதலிய வில்லிசைக் கருவிகள் ஒரு புறம், ஹார்ன், டிராம்போன் முதலிய பித்தளைக் குழல்கள் ஒரு புறம், பெருமுரசுகள் பின்புறம், அவற்றுக்கும் பின்னே பலர் சேர்ந்து பாடும் கூட்டுக்குரல் என அமைந்த மேலைநாட்டுப் பேரிசைக் குழுவையே குறிக்கிறேன். அக்குழு காவியத் தன்மையோடு முழங்கும் இசையைப் 'பேரிசை' என்ற சொல்லால் இக்கட்டுரையில் வழங்குகிறேன்.

போர்க்காட்சிக்குப் பேரிசை என்ற இணைப்பு வீடியோ விளையாட்டில் பிறந்ததன்று. 1938ஆம் ஆண்டில் சோவியத் இயக்குநர் ஐசன்ஸ்டீன் 'அலெக்சாந்தர் நெவ்ஸ்கி' என்ற படத்தை எடுத்தார். உறைந்த ஏரியின் பனிப்பரப்பின் மீது 1242இல் நடந்த போரைக் காட்டும் படம் அது. அதற்கு இசையமைத்தவர் புரோகோஃபியெவ். வழக்கமாகப் படம் முடிந்த பின்னரே இசை சேர்ப்பர். இவ்விருவரோ சில இடங்களில் படத்தைப் பார்த்து இசையை எழுதினர். வேறு சில இடங்களில் முன்பே பதிவான இசைக்கேற்பப் படத்தை வெட்டி ஒட்டினர். பகைவர்களான ஜெர்மானிய வீரர்கள் வரும்போது லத்தீன் மொழிக் கூட்டுக்குரல் ஒலிக்கும். பொருள் புரியாத மொழியில் பலர் சேர்ந்து பாடும்போது ஏற்படும் அச்சத்தை அப்படம் நன்கு பயன்படுத்திக்கொண்டது.

அதற்கு முந்தைய ஆண்டில், அதாவது 1937இல், ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் கார்ல் ஓர்ஃப் என்பாரின் 'கார்மினா புரானா' அரங்கேறியது. இடைக்காலத்து லத்தீன் பாடல்களுக்கு அவர் அமைத்த இசை அது. அதன் முதற்பகுதி 1981இல் வெளியான 'எக்ஸ்காலிபர்' படத்தில் வீரர்கள் குதிரைமேல் விரையும் காட்சிக்குப் பயன்பட்டது. 1997இல் ஜப்பானில் வெளியான 'ஃபைனல் ஃபேன்டசி 7' என்ற விளையாட்டில், இறுதிப் பகைவனை எதிர்கொள்ளும் இடத்துக்கு நோபுவோ உவெமாட்சு அமைத்த இசையிலும் அதே பழம்பாடல் திரட்டிலிருந்து எடுத்த லத்தீன் சொற்கள் ஒலிக்கின்றன. திரையிலிருந்து விளையாட்டுக்கு இம்மரபு வந்த வழி இதனால் விளங்கும்.

விளையாட்டில் காட்சி அமையும் வகை

விளையாட்டு நடந்துகொண்டிருக்கும்போது இசை அமைப்பது கடினமான செயல். ஆடுபவன் ஒரு கதவைத் திறக்க ஐந்து நொடியும் எடுப்பான், ஐந்து நிமிடமும் எடுப்பான். அவனுடைய செயலுக்கேற்ப இசை தானாக மாற வேண்டும். 1991இல் லூக்காஸ் ஆர்ட்ஸ் நிறுவனம் 'மங்கி ஐலண்ட்' விளையாட்டின் இரண்டாம் பாகத்தில் 'ஐமியூஸ்' என்ற முறையைப் புகுத்தியது இதற்காகத்தான்.

இடையில் வரும் படக்காட்சியோ அவ்வாறு அன்று. அதன் நீளம் நிலையானது. எந்த நொடியில் வாள் உருவப்படும், எந்த நொடியில் கோட்டை இடியும் என்பது முன்பே முடிவானது. ஆகவே அதனைத் திரைப்படம் போலவே கருதி இசையைப் பொருத்தலாம். கற்றுக்கொள்ள விரும்புவோர்க்கு இதைவிட நல்ல பாடக்களம் கிடைப்பது அரிது எனலாம்.

இதற்கென்றே இசை எழுதித்தரும் நிறுவனங்களும் மேலைநாடுகளில் உள்ளன. தாமஸ் பெர்கர்சன், நிக் ஃபீனிக்ஸ் ஆகிய இருவர் 2006இல் தொடங்கிய 'டூ ஸ்டெப்ஸ் ஃப்ரம் ஹெல்' அவற்றுள் ஒன்று. திரைப்பட முன்னோட்டங்களுக்கு இசை வழங்குவதே அதன் முதல் தொழில். பொதுமக்கள் வாங்கும்படியான முதல் தொகுப்பை அது 2010இல்தான் வெளியிட்டது. அத்தொகுப்பில் உள்ள 'ஹார்ட் ஆஃப் கரேஜ்' என்ற இசை, 'மாஸ் எஃபெக்ட் 2' என்ற விண்வெளிப் போர் விளையாட்டின் முன்னோட்டத்தில் ஒலித்தது. அதே இசை 2012ஆம் ஆண்டு ஐரோப்பியக் கால்பந்துப் போட்டியில் ஆட்டக்காரர்கள் களமிறங்கும்போதும் ஒலித்தது. விண்வெளிப் போருக்கும் கால்பந்துக்கும் ஒரே இசை எப்படிப் பொருந்தியது? அவ்விசை எந்தக் கதையையும் சொல்வதில்லை. 'இதோ, ஏதோ பெரிது வருகிறது' என்பதை மட்டுமே சொல்கிறது. எது பெரிது என்பதைக் காட்சியே நிரப்பிக்கொள்கிறது. இந்தத் தன்மையை நினைவில் வைத்தல் வேண்டும். பின்னர் இதற்குத் திரும்பி வருவேன்.

பேரிசையின் கட்டமைப்பு

இத்தகைய இசையைப் பலமுறை கேட்டால் அதன் கட்டமைப்பு பிடிபடும். பெரும்பாலும் அது மூன்று பகுதிகளாக அமையும். முதற்பகுதியில் ஒரு பியானோவோ தனிக் குரலோ மெல்லத் தொடங்கும். இரண்டாம் பகுதியில் செல்லோக்கள் ஒரு சிறு சுரக்கோவையை விடாமல் திரும்பத் திரும்ப வாசிக்கும். முரசுகள் ஒவ்வொன்றாகச் சேரும். பின்னர் ஒரு நொடியோ இரண்டு நொடியோ எல்லாம் அடங்கி அமைதி நிலவும். அடுத்த தட்டில் பித்தளைக் குழல்களும் கூட்டுக்குரலும் முரசும் ஒருங்கே வெடிக்கும். இது மூன்றாம் பகுதி.

கூட்டுக்குரல் பெரிதாக ஒலிப்பதற்கு நூறு பேர் வேண்டும் என்பதில்லை. 2011இல் வெளியான 'ஸ்கைரிம்' விளையாட்டின் தலைப்பிசைக்கு ஜெரமி சோல் 30 பேர் கொண்ட குழுவைப் பாடவைத்து, அதனை மூன்று முறை அடுக்கி 90 குரல்களின் முழக்கத்தைப் பெற்றார்.

பொருத்தும் கணக்கு

இனி நடைமுறைக்கு வருவோம். படம் நொடிக்கு 24 படச்சட்டங்கள் வீதம் ஓடுகிறது என்று கொள்வோம். இசை நிமிடத்துக்கு 120 தட்டுகள் வீதம் செல்கிறது. அப்படியானால் ஒரு தட்டுக்கு அரை நொடி, அதாவது 12 படச்சட்டங்கள். நான்கு தட்டுகள் கொண்ட ஒரு தாளவட்டத்துக்கு 2 நொடி, 48 படச்சட்டங்கள். நிமிடத்துக்கு 90 தட்டுகள் என்றால் ஒரு தட்டுக்கு 16 படச்சட்டங்கள். இவை முழு எண்களாக வருவதால் தொல்லை இல்லை.

நிமிடத்துக்கு 100 தட்டுகள் என்றால்? ஒரு தட்டுக்கு 14.4 படச்சட்டங்கள். இதனை 14 என்று எடுத்துக்கொண்டு காட்சிகளை வெட்டினால், பத்துத் தட்டுகள் கழிந்ததும் படம் 4 படச்சட்டங்கள் முந்திவிடும். ஆகவே ஒவ்வொரு தட்டையும் தனியே எண்ணாமல், தொடக்கத்திலிருந்து மொத்த நேரத்தைக் கணக்கிட்டு, கடைசியில் மட்டும் அருகிலுள்ள முழு எண்ணுக்குத் திருத்துவதே முறை.

4 படச்சட்டங்களால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் ஒளிபரப்புக்கென வகுத்த பரிந்துரை ஒன்றில், ஒலி படத்தை ஏறத்தாழ 45 மில்லி நொடி முந்தினாலோ 125 மில்லி நொடி பிந்தினாலோ பார்ப்பவர் கண்டுகொள்வர் என்று கூறப்பட்டுள்ளது. 24 சட்டக் கணக்கில் ஒரு சட்டம் 41.7 மில்லி நொடி. எனவே ஒலி ஏறத்தாழ ஒரு சட்டம் முந்தலாம், மூன்று சட்டம் பிந்தலாம்; அதற்குமேல் போனால் வாள் ஒருபுறம் மோத, ஓசை வேறுபுறம் எழுந்ததுபோல் தோன்றும்.

முந்துவதற்கும் பிந்துவதற்கும் அளவு வேறுபடுவது ஏன்? ஆற்றின் அக்கரையில் துணி துவைப்பவரைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். துணி கல்லில் அடிபடுவது முதலில் தெரிகிறது. ஓசை பின்னர் வருகிறது. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் வேகத்தில் செல்வதால், 125 மில்லி நொடிப் பின்னடைவு என்பது சுமார் 42 மீட்டர் தொலைவுக்குச் சமம். இயற்கையில் ஓசை பிந்தி வருவதே வழக்கம். முந்தி வருவது எங்கும் இல்லை. நம் செவி அந்த வழக்கத்துக்குப் பழகியிருப்பது இவ்வேறுபாட்டோடு ஒத்துப்போகிறது.

இன்னொரு முறையையும் சொல்லவேண்டும். தொடக்கத்திலிருந்து பொருத்திக்கொண்டு போவதைவிட உச்சத்திலிருந்து பின்னோக்கிப் பொருத்துவதே நன்று. ஓர் எடுத்துக்காட்டு: காட்சியில் கோட்டைக் கதவு உடைவது 1 நிமிடம் 12 நொடியில், இசையின் உச்சம் 1 நிமிடம் 36 நொடியில். இசை 24 நொடி அதிகம். 120 தட்டு வேகத்தில் அது சரியாக 12 தாளவட்டம். நடுப்பகுதியில் திரும்ப வரும் சுரக்கோவையில் எட்டு வட்டங்களையும் தொடக்கத்தில் நான்கு வட்டங்களையும் நீக்கினால் போதும். முழு வட்டங்களாக நீக்குவதால் வெட்டிய இடம் காதுக்குத் தெரியாது.

காட்சியில் உரையாடல் வந்தால் இசை ஒதுங்க வேண்டும். இசையை 6 டெசிபெல் குறைத்தால் ஒலியலையின் வீச்சு ஏறத்தாழப் பாதியாகும். பெரும்பாலும் அது போதுமானது. செல்லோவின் நடுத்தரச் சுரங்கள் மனிதக் குரலோடு மோதும். தாழ்ந்த முரசொலி அவ்வளவு மோதாது. ஆகையால் பேச்சு நடக்கும் இடங்களில் முரசை விட்டுவைத்து, செல்லோவைக் குறைப்பது வழக்கம்.

உரத்த காட்சிக்கு மெல்லிய இசை

இதுவரை சொன்னவை கணக்கு. கணக்குச் சரியாக இருந்தும் பொருத்தம் தவறக்கூடும். எந்தக் காட்சிக்கு எந்த இசை என்பது வேறு கேள்வி.

2006இல் 'கியர்ஸ் ஆஃப் வார்' என்ற போர் விளையாட்டுக்கு ஒரு விளம்பரப் படம் வந்தது. அதனை இயக்கியவர் பின்னாளில் திரைப்பட இயக்குநராகப் புகழ்பெற்ற ஜோசப் கொசின்ஸ்கி. இடிந்த நகரத்தில் ஒரு வீரன் தனியே ஓடுகிறான். இறுதியில் ஒரு பெரும் விலங்கின் முன் அகப்பட்டுக்கொள்கிறான். எவரும் பேரிசையை எதிர்பார்க்கும் இடம். ஆனால் ஒலித்ததோ 'மேட் வேர்ல்ட்' என்ற சோகப் பாடல். பியானோவும் ஒற்றைக் குரலுமாக மைக்கேல் ஆண்ட்ரூஸும் கேரி ஜூல்ஸும் 2001ஆம் ஆண்டுத் திரைப்படம் ஒன்றுக்காகப் பதிவு செய்தது அது. அந்த இசையால் அவ்வீரன் வெல்லப் பிறந்தவனாகத் தோன்றாமல், எல்லாவற்றையும் இழந்தவனாகத் தோன்றினான்.

2011இல் வந்த 'டெட் ஐலண்ட்' முன்னோட்டமும் அத்தகையதே. ஸ்காட்லாந்தின் ஆக்சிஸ் அனிமேஷன் நிறுவனம் அதனை உருவாக்கியது. இசை கைல்ஸ் லாம்ப். விடுமுறைக்கு வந்த ஒரு குடும்பம் பிணப்பேய்களால் அழிவதைக் காட்டும் படம், பெரும்பகுதி பின்னோக்கி ஓடுகிறது. சன்னலிலிருந்து விழும் சிறுமி மீண்டும் மேலெழுகிறாள். மென்மையான பியானோவும் வயலினும் மட்டும் அதன் துணை. காட்சியில் உள்ள கொடுமை குறையவில்லை; பார்ப்பவர் இரங்க வேண்டிய இடம் எது என்பது தெளிவாகிவிட்டது.

இது வெறும் எண்ணம் அன்று என்பதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. 1988இல் மார்ஷல், கோகன் என்னும் இரு ஆய்வாளர்கள், முக்கோணங்களும் வட்டமும் நகரும் ஒரு சிறு அசைபடத்துக்கு வெவ்வேறு இசையைச் சேர்த்துக் காட்டினர். முக்கோணத்துக்கு முகம் இல்லை, பேச்சு இல்லை. இருந்தும், இசை மாறியபோது அவ்வுருவங்களின் இயல்பைப் பற்றிப் பார்ப்பவர்கள் கொண்ட கருத்தும் மாறியது.

நான் செய்த ஒரு சோதனை

விடுதி நண்பர்களிடம் நானும் இதனைச் செய்து பார்த்தேன். ஒரு விளையாட்டிலிருந்து 90 நொடிக் காட்சியை எடுத்துக்கொண்டேன். போர் முடிந்த ஊரின் வழியே ஒரு வீரன் நடந்து செல்கிறான், அவ்வளவே. முதல் முறை முரசும் கூட்டுக்குரலும் சேர்த்துக் காட்டினேன். "அடுத்து யாரை அடிக்கப் போகிறான்?" என்று கேட்டனர். வேறு சில நண்பர்களுக்கு அதே காட்சியைத் தனிப் பியானோவோடு காட்டினேன். "வீட்டில் யாரோ இறந்துவிட்டார்களா?" என்றனர். மூன்றாம் முறை இசையே இல்லை; காற்றின் ஓசையும் காலடி ஓசையும் மட்டும். அப்போது ஒரு நண்பர், "சாலையோரத்தில் கிடப்பவர்கள் யார்? ஊர்க்காரர்களா?" என்று கேட்டார். அவ்வுடல்கள் மூன்று முறையும் திரையில் இருந்தன. முதல் இரு முறையும் எவரும் அவற்றைக் குறிப்பிடவில்லை.

இதனைப் பெரிய ஆய்வு என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அக்கேள்வி என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. இசை எதை நோக்க வேண்டும் என்று நம் கண்ணுக்குக் கட்டளையிடுகிறது. அவ்வாறு கட்டளையிடும்போதே வேறொன்றை நோக்காதே என்றும் சொல்லிவிடுகிறது.

இசை சேர்ப்பவரின் பொறுப்பு

பேரிசை எந்தக் கதையோடும் ஒட்டிக்கொள்ளும் என்று முன்னரே குறிப்பிட்டேன். அந்தத் தன்மையின் மறுபக்கத்தை வரலாறு காட்டுகிறது. லிஸ்ட் என்னும் இசைமேதையின் 'லே பிரெலூத்' 1854இல் வைமார் நகரில் அரங்கேறியது. லிஸ்ட் 1886இல் மறைந்தார். 1941இல் நாஜி ஜெர்மனி சோவியத் நாட்டின்மீது படையெடுத்தபோது, அப்போர்க்களத்து வெற்றிச் செய்திகளுக்கு முன் வானொலியிலும் திரையரங்கச் செய்திப்படங்களிலும் ஒலித்தது அந்த இசையின் வெற்றி முழக்கப் பகுதியே. அதைக் கேட்டவர்கள் முன்னேறும் டாங்கிகளைப் பெருமிதத்தோடு பார்த்தனர். அச்சாலைகளின் ஓரத்தில் கிடந்தவர்களைப் பார்க்கவில்லை. இசைமேதையின்மீது இதில் குற்றமில்லை. அவர் இறந்து அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. எந்தக் காட்சியோடு எந்த இசை என்று தீர்மானித்தவர்களே அதற்குப் பொறுப்பாளிகள்.

விளையாட்டுக் காட்சிக்கு இசை சேர்க்கும் மாணவனை நாஜிகளோடு ஒப்பிடுகிறேன் என்று நண்பர்கள் எண்ணிவிட வேண்டாம். விளையாட்டில் மடிபவர்கள் கற்பனை மனிதர்கள். ஆனால் நம் செவி பழகும் பழக்கம் கற்பனையன்று. முரசும் கூட்டுக்குரலும் கேட்டவுடனே 'முன்னே செல்பவன் நல்லவன், எதிரே நிற்பவன் அழிய வேண்டியவன்' என்று முடிவுகட்டும் பழக்கம் விளையாட்டு முடிந்த பின்னும் நம்மோடு இருக்கும். செய்திப் படத்திலும் அரசியல் விளம்பரத்திலும் அதே முரசு ஒலிக்கும்போது அந்தப் பழக்கம் வேலை செய்யும். தானே ஒருமுறை இசை சேர்த்துப் பார்த்தவனுக்கோ அந்த வித்தையின் உள்ளமைப்புத் தெரியும். அவனை ஏமாற்றுவது அவ்வளவு எளிதன்று. இப்பயிற்சியால் விளையும் பெரிய நன்மை இதுவே என்பது என் கருத்து.

முடிவுரை

இப்பணியில் ஈடுபட விரும்பும் நண்பர்களுக்கு என் அனுபவத்திலிருந்து சிலவற்றைக் கூறி முடிக்கிறேன்.

முதலாவதாக, காட்சியை ஒலியே இல்லாமல் மூன்று முறையேனும் பாருங்கள். அதில் இருப்பவை அனைத்தையும் ஒரு தாளில் எழுதுங்கள். இரண்டாவதாக, இக்காட்சி யாருடைய கதை என்று ஒரே வரியில் எழுதிய பின்னரே இசையைத் தேடுங்கள். இசையை முதலில் விரும்பிவிட்டால், காட்சியை அதற்கேற்ப வளைக்கும் ஆசை வந்துவிடும். மூன்றாவதாக, உச்சத்தைக் குறித்துக்கொண்டு பின்னோக்கிக் கணக்கிடுங்கள். நான்காவதாக, ஓர் இடத்திலேனும் இசையை முற்றிலும் நிறுத்துங்கள். காட்சி தானாகப் பேசட்டும். இறுதியாக, படத்துக்கும் இசைக்கும் உரிமையாளர்கள் உண்டு. நமக்குள் பயில்வது வேறு. பலர் பார்க்க வெளியிடுவது வேறு. வெளியிடுமுன் அவர்களுடைய இசைவைப் பெறுவதே நேர்மை.

நம் கல்லூரியில் இசைத்துறை இல்லை. ஆயினும் கணக்குத் தெரிந்தவர்களும் கதை அறிந்தவர்களும் கூர்ந்து கேட்பவர்களும் பலர் இருக்கின்றனர். கணினி ஆய்வகத்தில் மாதம் ஒரு மாலை கிடைத்தாலும் போதும். ஒரே காட்சிக்கு நான்கு பேர் நான்கு விதமாக இசை சேர்த்துக் காட்டி, எது எதை மறைத்தது, எது எதைக் காட்டியது என்று விவாதிக்கலாம். பேராசிரியப் பெருமக்கள் இதற்கு வழிசெய்வார்களாயின், மாணவர் பலர் முன்வருவர் என்று உறுதியாக நம்புகிறேன்.